தோற்றவள் கையால் ஐந்து கிராம்

என் நாத்தனார் ஸுப்ரியாவை டென்னிஸில் ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. வைர மூக்குத்தி, காசி யாத்திரை எல்லாவற்றையும் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிறுத்தியிருந்தேன். ஐம்பத்து நாலு வயதில் ஒரு பொம்மனாட்டி இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள், அவளிடம் ஏழு வருஷம் தொடர்ந்து தோற்றுவிட்டு வந்து கேட்கட்டும்.

என் கணவர் வெங்கிட்டு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, ஏலக்காய்த் தரகர். ஸுப்ரியா அவருடைய தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அந்த மதிலுக்கு மேல் குழம்புக் கிண்ணமும் ஊர் வம்பும் தினமும் போய்வரும். அவள் புருஷன் போய்ச் சில வருஷமாகிறது. ஒரே மகள் ஸாதனா கனடாவில். ஆகவே காலை ஆறு மணிக்கு எழுந்ததும் அவளுக்கு நான், எனக்கு அவள். சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய கிளப், அதில் வெடித்துப்போன ஒரு சிமெண்டுக் கோர்ட். அங்கேதான் ஆடுவோம். காற்று திரும்பினால் சுக்கு நெடியில் தும்மிக்கொண்டே சர்வீஸ் போட வேண்டும். ஸுப்ரியா தும்மமாட்டாள். அந்தக் கஷ்டம்கூட அவளுக்கு இல்லை.

தினமும் ஆடுகிற ஆட்டத்துக்குக் கணக்கு இல்லை. புது வருஷம் பிறந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு செட் ஆடுவோம், அதற்குத்தான் கணக்கு. உறவுக்காரர்கள் வருவார்கள், கிளப் செக்ரட்டரி சேவியர் நாற்காலி போடுவார், வெங்கிட்டு நடுவராக உட்காருவார். ஒரு பக்கம் பெண்டாட்டி, மறு பக்கம் தங்கை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவருக்கு ராத்திரி சோறு கிடைக்காது. அந்தப் பயத்தை நம்பித்தான் அவரை நடுவராக்கினோம்.

முதல் வருஷம் தோற்றபோது நான் என் ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ராக்கெட்டைச் சொன்னேன். அவளுடைய டென்னிஸ் ராக்கெட் இறகு கனம், என்னுடையது உலக்கை, அவளுடையதில் கொஞ்சம் எடை ஏற்றிவிட்டு ஆடச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று வடைத் தட்டை வைத்துக்கொண்டு கத்தினேன். வெங்கிட்டு வியாபாரி. தராசில் ஒரு தட்டு மேலே போனால், அதில் எதையாவது தூக்கிப் போட்டுச் சமப்படுத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. அங்கேயே சட்டம் போட்டுவிட்டார். ஜெயித்தவளின் ராக்கெட்டில் ஐந்து கிராம் ஈயம் ஒட்ட வேண்டும். தோற்றவள்தான் தன் கையால் ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது என்பது அவள் இஷ்டம். ஒட்டியதைப் பிறகு யாரும் எடுக்கக்கூடாது.

ஸுப்ரியா சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஈயத்துக்கு எங்கே போவது? வெங்கிட்டு தோப்பும்படியில் வலை விற்கிற கடைக்குப் போய், வலை அடியில் கட்டுகிற ஈயக் குண்டுகளைப் பொட்டலமாக வாங்கி வந்தார். வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று வாசலிலேயே மறித்தேன். புதுசு, தண்ணீரில் இறங்காதது என்று அவர் சத்தியம் செய்தார். இறங்காவிட்டால் என்ன, மீனை நினைத்துக்கொண்டு செய்ததுதானே? சீயக்காய்ப் பொடி போட்டு இரண்டு தடவை கழுவிய பிறகே படியேற விட்டேன். சுத்தியலால் தட்டித் தகடாக்கி, கடையில் ஏலக்காய் சாம்பிள் நிறுக்கிற சின்ன மின்தராசில் வைத்து, ஓரத்தை நறுக்கி நறுக்கி ஐந்து கிராமுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போதுகூட அவர் அவ்வளவு கவனம் காட்டியதில்லை.

முதல் வருஷம் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அது மார்கழி மாதம். விடிந்தால் வாசலில் கோலம் போடுகிற கை இது. ஒரு பக்கம் ஒரு இழை இழுத்தால் மறு பக்கமும் இழுக்காமல் நிற்காது. ஈயத் தகட்டைச் சரிபாதியாக வெட்டி, ராக்கெட் முகத்தின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, எதிரெதிராக அழகாக ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்துத் திருப்திகூடப் பட்டேன். அன்று முதல் ஸுப்ரியாவின் ராக்கெட் அவள் கையில் அசையாமல் நின்றது. பந்து ஓரத்தில் பட்டால்கூட நேராக என் காலடிக்கு வந்தது. வெளிநாட்டில் ஆட்டக்காரர்கள் காசு கொடுத்து, ஆள் வைத்து இதைத்தான் செய்துகொள்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. என் கையாலேயே அவளுக்குச் சாமரம் வீசியிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் பாடம் படித்தேன். ராக்கெட்டை நேராக நிறுத்தினால் அதன் முகம் ஒரு கடிகாரம். உச்சி பன்னிரண்டு மணி. உச்சியில் ஈயம் ஒட்டினால் வீசும்போது தோள் கழன்றுவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினால் பந்து பட்டவுடன் ராக்கெட் கைக்குள் திருகும், முழங்கை செத்தது. கைப்பிடியில், அதன்மேல் சுற்றியிருக்கிற கிரிப்புக்கு அடியில் ஒட்டினால் மட்டும் ஒன்றுமே தெரியாது. எடை என்னவோ ஏறும், ஆனால் ஒட்டியதும் ஒன்றுதான், ஒட்டாததும் ஒன்றுதான்.

கைப்பிடிப் பக்கம் நான் போவேனா? அடுத்த வருஷம் உச்சியில் ஒட்டினேன். மூன்று மாதம் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாலாம் மாதம் அவள் சர்வீஸ் பலாப்பழம் விழுகிற மாதிரி விழ ஆரம்பித்தது. அதற்கடுத்த வருஷம் ஒரு பக்கமாக ஒட்டினேன். ராக்கெட்டை ஒரு கேமுக்கு ஒரு தடவை திருப்பிப் பிடித்து, திருகல் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல் பண்ணி ஜெயித்தாள். பிறகு உச்சிக்குப் பக்கத்தில், மறுபடியும் உச்சியில், ஈயத்துக்கு மேல் ஈயமாக ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் அவள் இரண்டு மூன்று மாதம் தடுமாறுவாள், பிறகு அந்தக் கனத்தைப் பழக்கிக்கொண்டு வந்து நிற்பாள். ராக்கெட் ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. கிளப்புக்குப் புதிதாக யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டி, இதெல்லாம் எங்க மன்னி ஒட்டினதாக்கும் என்று பெருமையாகச் சொல்வாள்.

என்னுடைய ராக்கெட்டில் மட்டும் கடுகளவு ஈயம்கூடக் கிடையாது. வாங்கிய நாளில் இருந்த மாதிரியே வழவழவென்று இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இப்படி இருக்கும்போது, போன தீபாவளிக்கு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, தான் கனடாவுக்கே போகப்போவதாகச் சொன்னாள். ஸாதனாவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. வீட்டைக் கொடுத்துவிட்டு நிரந்தரமாகவே போகிறாள். ஜனவரி முதல் ஞாயிறு ஆட்டம் முடிந்து, அந்த வியாழக்கிழமை நெடும்பாசேரியில் விமானம். எனக்கு அழுகை வந்தது உண்மை. அழுதுகொண்டிருக்கும்போதே, அப்படியானால் இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி என்று மனசுக்குள் ஒரு ஓரம் கணக்குப் போட்டதும் உண்மை. இந்தத் தடவை விட்டால் சாகிற வரைக்கும் என் ராக்கெட் மொட்டையாகத்தான் கிடக்கும்.

ஒரு நாள் அவள் துணி உலர்த்துவதைப் பார்த்தேன். கொடியில் புடவையைப் போட வலது கையைத் தூக்கியவள், பாதியில் நிறுத்தி இடது கையால் போட்டாள். நான் ஒட்டிய ஈயம் அத்தனையும் அவள் தோளில் போய் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் வீசும்வரை அவளை யாரும் அசைக்க முடியாது. அந்தக் கனத்தைத் தலைக்கு மேலே தூக்க வைத்தால்? தூக்கிக்கொண்டே இருக்க வைத்தால்? அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

பந்தை வானத்துக்கு அடிப்பது, எதிராளியின் தலைக்கு மேலே, கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி. லாப் என்பார்கள். கௌரவமான ஆட்டக்காரர்கள் வேறு வழியில்லாமல் எப்போதாவது அடிப்பது. நான் மார்கழி மத்தியானங்களில், கிளப்பில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், ஒரு கூடை பந்தோடு போய் அதை மட்டுமே அடித்துப் பழகினேன். பக்கத்துத் தென்னை மரத்தில் மட்டை உதிர்ந்தது. முழங்கை வீங்கி, துணிக் கட்டுப் போட்டுக்கொள்ளும்படி ஆனது. வெங்கிட்டுவிடம் மாவாட்டியதால் வலி என்று சொன்னேன். வீட்டில் கிரைண்டர் இருக்கிறது. அவர் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட நல்ல கூட்டம். ஸுப்ரியாவின் கடைசி ஆட்டம் என்று சேவியர் எல்லோரையும் கூட்டியிருந்தார். ஆட்டம் தொடங்கி, கூட்டம் சாயாவை ஊதிக் குடிப்பதற்குள் அவள் மூன்று கேம் எடுத்துவிட்டாள். நான் வழக்கம்போல ஆடித் தோற்கிற மாதிரி காட்டிக்கொண்டேன். நாலாவது கேமில் முதல் லாப் போட்டேன். அவள் அண்ணாந்து, அந்த ராக்கெட்டைத் தூக்கி, ஓங்கி அடித்து ஜெயித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்ததும் லாப். அடுத்ததும் லாப்.

பந்து என் பக்கம் எப்படி வந்தாலும் வானத்துக்குத்தான் போயிற்று. கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு முணுமுணுத்தது. இது டென்னிஸ் இல்லை, பட்டம் விடுகிற விளையாட்டு என்று சேவியர் மலையாளத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. சொன்னால் சொல்லட்டும். மானம் பார்த்தால் மகசூல் உண்டா? ஐந்தாவது கேமுக்கு அப்புறம் ஸுப்ரியா ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் தோளை உதறினாள். கையைத் தாழ்த்தி அடித்தாள், பந்து வலையில் விழுந்தது. பின்னால் ஓடிப் போய் எடுக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது. நான் கோர்ட்டின் நடுவில் நின்றுகொண்டு இன்னொன்றைத் தூக்கிப் போட்டேன். எனக்கும் ஒவ்வொரு அடிக்கும் முழங்கையில் ஊசி இறங்கியது. ஏழுக்கு ஐந்து. கடைசிப் பந்தை அவள் தலைக்கு மேலிருந்து ஓங்கி அடித்தாள், அது வலையில் பட்டு அவள் பக்கமே விழுந்தது.

ஏழு வருஷத்துத் தவம். நான் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஸுப்ரியாவைச் சுற்றி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன என்று போய்க் கேட்டால், எப்பேர்ப்பட்ட மனசு என்கிறார்கள். ஊரைவிட்டுப் போகிற நேரத்தில் மன்னி ஆசைப்பட்டாளே என்று விட்டுக்கொடுத்துவிட்டாளாம். அந்தக் கடைசிப் பந்தை அவள் தூக்கத்தில்கூட அடிப்பாளாம், வேண்டுமென்றேதான் வலையில் அடித்தாளாம். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. வெங்கிட்டுவைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"எப்படியோ ஜெயிச்சியே, விடேன்," என்றார் அவர். "போற பொண்ணு. மனசு வெச்சிருக்கலாம்."

நடுவர் பேசுகிற பேச்சா இது? நேராக அவளிடமே போனேன். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உள்ளதைச் சொல்லு. விட்டுக் குடுத்தியா?"

அவள் துண்டால் முகத்தை நிதானமாக ஒற்றி எடுத்தாள். "மன்னிக்கு அப்படித் தோணித்தா?" என்றாள். அவ்வளவுதான். சேவியர் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தார், அவள் அவரோடு போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விட்டுக்கொடுத்தாள் என்றால் நான் ஜெயிக்கவில்லை. பிச்சை வாங்கியிருக்கிறேன், அதுவும் ஊர் பார்க்க. அவள் கனடாவில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு வாழ்நாள் முழுக்கப் பெருந்தன்மையாக இருப்பாள். நான் இங்கே முழங்கையைத் தடவிக்கொண்டு கிடக்க வேண்டும். ஒவ்வொரு பந்தாக நினைத்துப் பார்த்தேன். சில பந்தில் நிஜமாகவே ஓடினாள் என்று தோன்றியது. கடைசிப் பந்தைப் பற்றி மட்டும் எப்படி யோசித்தாலும் பிடி கிடைக்கவில்லை.

சாயங்காலம் எங்கள் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். வெங்கிட்டு ஈயத்தைத் தட்டி, நிறுத்து, தாம்பாளத்தில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார். முதல் தடவையாக என்னுடைய ராக்கெட்டுக்கு ஈயம். எத்தனை வருஷம் இந்த நிமிஷத்தை நினைத்து நினைத்துப் பூரித்திருக்கிறேன். இப்போது அது வேண்டாத விருந்தாளி மாதிரி தட்டில் உட்கார்ந்திருந்தது.

ஸுப்ரியா ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். மன்னி கையில் கட்டுப் போட்டிருக்கிறாள், பாவம், கைப்பிடியில் ஒட்டிவிடு, தெரியாது. கிரிப்புக்கு உள்ளே போதும் என்று சேவியரும் தலையை ஆட்டினார். என் முழங்கைமேல் இந்த ஊருக்கு இவ்வளவு கருணை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து, உச்சியில் ஒட்டடி பாவி என்று கத்த நினைத்தேன். சொல்லி ஒட்ட வைத்தால் அதற்கு என்ன மதிப்பு? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் கைப்பிடியின் கிரிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

சுற்றுச் சுற்றாக அந்த நாடா கழன்று அவள் மடியில் விழுந்தது. முடிந்தது, இரக்கப்பட்டுவிட்டாள். எட்டு வருஷம் நான் சண்டை போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னைக் குழந்தை மாதிரி வைத்து விளையாட்டுக் காட்டியிருக்கிறாள். எழுந்து அடுக்களைக்குப் போய்விடலாம் என்று கையை ஊன்றினேன்.

அவள் கைப்பிடியை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். "வேர்வை நாத்தம். இதையெல்லாம் மாத்தவே மாட்டேளா?" என்றாள். தன் பையிலிருந்து புது கிரிப்பை எடுத்து இறுக்கமாகச் சுற்றினாள். ஈயம் தட்டிலேயே இருந்தது.

பிறகு ராக்கெட்டை ஒரு விரலில் நிறுத்தி ஆடவிட்டுப் பார்த்தாள். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். நான் எப்படிப் பந்தை வெட்டி அடிப்பேன் என்று மணிக்கட்டை அசைத்துப் பார்த்தாள். வெங்கிட்டு கத்தரிக்கோலை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தகட்டை வெட்டாமல் முழுசாக எடுத்து, உச்சிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரே பக்கத்தில், விளிம்போடு விளிம்பாக வைத்தாள். தோளுக்கும் கேடு, முழங்கைக்கும் கேடு. ஒட்டி, ஸ்பூனின் முதுகால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அதற்கு மேல் டேப்பை இழுத்துச் சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள். ஐயோ, அந்தக் கைக்கா என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. காலையிலிருந்து அவள் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அந்த முகத்துக்கு வந்திருந்தது.

"நாப்பது லாப் போட்டேள் மன்னி. ஒரு லாபாவது வெளியில போய் விழும்னு ஒவ்வொண்ணுக்கும் வேண்டிண்டேன். ஒண்ணும் போகலை. வெக்கமா இல்லையா உங்களுக்கு, இப்படி ஆடி ஜெயிக்க?"

"இல்லை," என்றேன்.

ராக்கெட்டை வாங்கி, கூடத்தின் நடுவில் நின்று, கட்டுப் போட்ட கையாலேயே ஒரு வீச்சு வீசினேன். அது கைக்குள் வெடுக்கென்று திருகியது. வலி முழங்கையிலிருந்து கழுத்துவரை ஏறியது. அம்மாடி, என்ன வலி. இரக்கப்பட்டவள் ஒருத்தி இப்படி ஒட்டுவாளா? இன்னொரு தடவை வீசினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்கிட்டு பதறிப்போய்த் தைலத்தை எடுக்க ஓடினார்.